ஒரு கீ போனால் கீபோர்டையே தூக்கிப் போடணுமா? மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை, வாங்கிய பின் செய்ய வேண்டியவை

கீபோர்டில் ஒரு எழுத்தை ஒருமுறைதான் தட்டுகிறோம், திரையில் இரண்டு முறை விழுகிறது. அல்லது ஸ்பேஸ் பார் நாலு தடவைக்கு ஒரு தடவை வேலை செய்யாமல் அடம்பிடிக்கிறது. மற்ற 103 கீகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். பழைய கீபோர்டு பரணுக்குப் போகும், புதுசு ஆர்டர் ஆகும்.

சில நூறு ரூபாய் கீபோர்டு என்றால் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். 3,000, 7,000 என்று கொடுத்து வாங்கிய மெக்கானிக்கல் கீபோர்டுக்கும் அதே கதி என்றால்? டிடிபி சென்டர் நடத்துபவர், மொழிபெயர்ப்பாளர், டேலியில் கணக்கு எழுதுபவர், வீட்டில் இருந்தே கோடிங் செய்பவர் என்று டைப்பிங்கை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உண்மையில் மெக்கானிக்கல் கீபோர்டின் பெரிய லாபமே, ஒரு கீ போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதுதான். ஆனால் கடையில் விற்கும் எல்லா மெக்கானிக்கல் கீபோர்டிலும் அதைச் சுலபமாகச் செய்துவிட முடியாது. சத்தம், லைட், கலர் எல்லாம் பார்த்து வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் என்ன?

சாதாரண கீபோர்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ் தாளிலும் மின்சாரம் கடத்தும் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் இருக்கும் தாளில் ஓட்டைகள். கீயை அழுத்தினால் அதன் கீழே உள்ள ரப்பர் குமிழ் அமுங்கி, மேல் தாள் கீழ் தாளைத் தொடும். அப்போது எழுத்து பதிவாகும். இதற்குப் பெயர் மெம்பரேன் கீபோர்டு. செலவு குறைவு, சத்தம் குறைவு. ஆனால் கிட்டத்தட்ட அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். ரப்பர் தளர்ந்தாலோ, தாளில் உள்ள கோடு ஓரிடத்தில் அறுந்தாலோ, வீட்டில் உட்கார்ந்து சரிசெய்வது நடக்காத காரியம்.

மெக்கானிக்கல் கீபோர்டில் கதை வேறு. ஒவ்வொரு கீயின் அடியிலும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். அதற்குள் மேலும் கீழும் நகரும் ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு மெல்லிய உலோகத் தகடு. தண்டு கீழே இறங்கும்போது தகடு தொடர்பு கொள்ளும், எழுத்து பதிவாகும். பெரும்பாலான சுவிட்சுகளில் கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அதனால்தான் பழகியவர்கள் இதில் லேசாகத் தட்டியே வேகமாக டைப் செய்கிறார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஓங்கிக் குத்திப் பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் வர சில வாரங்கள் ஆகும்.

இது ஒன்றும் புது டெக்னாலஜி இல்லை. 1985-ல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டுகள் இன்றும் பலரிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரிலும் இந்த 'டக் டக்' சத்தத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு பல காலமாக அலுவலகங்களிலும், பில்லிங் கவுன்டர்களிலும், டிடிபி சென்டர்களிலும் இருக்கிறது. அதுவும் மெக்கானிக்கல் கீபோர்டுதான். கேமிங் மோகம் வந்த பிறகு கலர் கலராக லைட் போட்டு விற்பதற்கு முன்பே, மஞ்சள் படிந்த கம்ப்யூட்டர்களுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது.

நீலம், பிரவுன், சிவப்பு: நிறத்தில் என்ன இருக்கிறது?

'ப்ளூ சுவிட்ச்', 'ரெட் சுவிட்ச்' என்று விளம்பரத்தில் வருவது கீபோர்டின் நிறம் இல்லை, உள்ளே இருக்கும் தண்டின் நிறம். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டு வந்த எம்எக்ஸ் வகை சுவிட்சுகளில் தொடங்கிய வழக்கம் இது. அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்த பிறகு கேட்ரான், கைல், அவுடெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில் சுவிட்சுகள் செய்யத் தொடங்கின. மெக்கானிக்கல் கீபோர்டு விலை இறங்கி நம் கைக்கு எட்டியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சிவப்பு சுவிட்ச் தடையில்லாமல் வழவழவென்று இறங்கும். இதை லீனியர் என்பார்கள். செர்ரி சிவப்பை அழுத்த சுமார் 45 கிராம் விசை போதும். ஆறு பத்து ரூபாய் நாணயங்களை கீயின் மேல் அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த எடை வந்துவிடும். பிரவுன் சுவிட்சில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலுக்குத் தெரியும், எழுத்து விழுந்துவிட்டது என்று அதுவே சொல்லிவிடும். இது டேக்டைல் வகை. நீல சுவிட்சில் அந்த மேட்டுடன் 'கிளிக்' என்ற சத்தமும் சேர்ந்து வரும். அழுத்தமும் கொஞ்சம் கூடுதல், சுமார் 60 கிராம்.

நீலம் டைப் செய்ய ஜாலியாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஜாலி அடிப்பவருக்கு மட்டும்தான். ஒரே அறையில் குழந்தை தூங்கும் வீட்டில், பக்கத்து சீட்டில் ஆள் இருக்கும் ஆபீஸில், நாள் முழுக்க ஜூம் மீட்டிங்கில் உட்காருபவருக்கு நீலம் வேண்டவே வேண்டாம். 'ஏங்க, கொஞ்சம் மெதுவா அடிங்களேன்' என்று இரண்டாம் நாளே கேட்டுவிடுவார்கள். கிளிக் சத்தம் சுவிட்சுக்குள்ளேயே உருவாவதால், மெதுவாக அடித்தாலும் அது குறையாது. குறைந்த விலைக் கீபோர்டுகளில் நிறைய நீல சுவிட்சுடன்தான் வருகின்றன என்பதால் இதைக் கவனித்து ஆர்டர் போட வேண்டும். சத்தமே ஆகாது என்றால் 'சைலன்ட்' என்று பெயரிட்ட சுவிட்சுகள் இருக்கின்றன. தண்டில் சின்ன ரப்பர் வைத்து, மேலும் கீழும் மோதும் சத்தத்தை அமுக்கியிருப்பார்கள். கீபோர்டுக்கு அடியில் ஒரு தடித்த துணி விரிப்பைப் போட்டாலே மேஜை அதிரும் சத்தம் கணிசமாகக் குறையும்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு, பிரவுன், நீலம் இந்த மூன்றுக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே அர்த்தம் வைத்திருக்கின்றன. மற்ற நிறங்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. கைல் பாக்ஸ் வெள்ளை கிளிக் சத்தம் போடும். கேட்ரான் வெள்ளை சத்தம் போடாத லீனியர். நிறத்தைப் பார்க்காதீர்கள், லீனியரா, டேக்டைலா, கிளிக்கியா என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

'10 கோடி அழுத்தங்கள்' விளம்பரம்: நம்பலாமா?

செர்ரி தன் சிவப்பு சுவிட்சுக்கு 10 கோடி அழுத்தங்கள் ஆயுள் என்கிறது. பல நிறுவனங்கள் 5 கோடி என்று போடுகின்றன. இந்த எண்ணை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒருவர் தினமும் 40,000 முறை கீகளைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் டைப் செய்தால் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஸ்பேஸ் பாருக்குப் போகும், அதாவது நாளைக்கு 6,700 முறை. லீவே எடுக்காமல் அடித்தால்கூட 10 கோடியைத் தொட 40 ஆண்டுகள் ஆகும். 5 கோடி என்றாலும் 20 ஆண்டுகள். (தமிழில் சொற்கள் நீளம் என்பதால் ஸ்பேஸ் பாருக்கு வேலை இன்னும் குறைவு.)

ஆக, 5 கோடியா 10 கோடியா என்று பார்த்து இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை. வீட்டில் கீபோர்டு சாவது எண்ணிக்கை முடிந்து இல்லை. டீ கொட்டும், தூசி புகும், யூஎஸ்பி போர்ட் ஆட்டம் காணும், வயர்லெஸ் என்றால் பேட்டரி உப்பும். நூறு சுவிட்சில் ஏதாவது ஒன்று மட்டும் சீக்கிரம் பழுதாவதும் சாதாரணம். அந்த ஒன்றை மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் கேட்க வேண்டியது: சுவிட்சைக் கழற்ற முடியுமா?

மெக்கானிக்கல் கீபோர்டுகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் சுவிட்சின் இரண்டு உலோகக் கால்களும் சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்து சால்டரிங் செய்யப்பட்டிருக்கும். இன்னொன்றில் சாக்கெட் இருக்கும், பிளக்கைப் பிடுங்குவதுபோல சுவிட்சைப் பிடுங்கி வேறு ஒன்றைச் செருகலாம். இதற்குப் பெயர் ஹாட் ஸ்வாப். பெட்டியோடு வரும் சின்ன இடுக்கி போதும், கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரே பட்ஜெட்டில் ஒன்று லைட்டுகளோடும் இன்னொன்று ஹாட் ஸ்வாப்போடும் கிடைத்தால், யோசிக்கவே வேண்டாம், ஹாட் ஸ்வாப்தான். நீல சுவிட்ச் சத்தம் பிடிக்கவில்லை என்றாலும் கீபோர்டை விற்க வேண்டாம், சுவிட்சுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இதிலும் சில சங்கடங்கள் இருக்கின்றன. குறைந்த விலை ஹாட் ஸ்வாப் கீபோர்டுகள் சிலவற்றில் சாக்கெட் ஓட்டை குறுகலாக இருக்கும். அவுடெமு சுவிட்சின் மெல்லிய கால்கள் மட்டுமே அதில் போகும். மற்ற கம்பெனி சுவிட்சை அழுத்தித் திணித்தால் சாக்கெட்டே போய்விடும். அடுத்தது '3 பின்', '5 பின்' குழப்பம். 5 பின் சுவிட்சில் இருக்கும் கூடுதல் இரண்டு கால்கள் வெறும் பிளாஸ்டிக், ஆடாமல் நிற்பதற்காக வைத்தவை. 3 பின் போர்டுக்கு அவற்றை நகவெட்டியால் வெட்டிவிட்டுப் பொருத்தலாம். மேக்னடிக் சுவிட்ச் என்று வரும் ரகத்தில் உலோகத் தொடர்பே கிடையாது, காந்தமும் சென்சாரும்தான் வேலை செய்யும். அந்தக் கீபோர்டில் சாதாரண மெக்கானிக்கல் சுவிட்ச் வேலை செய்யாது.

சால்டரிங் செய்த கீபோர்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கவலைப்பட வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களிலும், ஊரில் சர்க்யூட் போர்டு வேலை பார்க்கும் சர்வீஸ் கடைகளிலும் ஒரு சுவிட்சை எடுத்து இன்னொன்றை வைப்பது பெரிய வேலை இல்லை. ஒரு சுவிட்சுக்கு இரண்டு பற்றவைப்புப் புள்ளிகள்தான், லைட் இருந்தால் இன்னும் சில.

எத்தனை கீ வேண்டும்?

முழு அளவு கீபோர்டில் 104 கீகள். வலது பக்கத்து எண் பகுதியை வெட்டினால் 87. அதை இன்னும் நெருக்கி '75 சதவீதம்', '65 சதவீதம்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். 60 சதவீதம் என்றால் 61 கீகள்தான், அம்புக்குறி கீகளும் மேல் வரிசை எஃப் கீகளும் தனியாக இருக்காது.

மேஜையில் பார்க்க அழகாக இருக்கிறது என்று குட்டிக் கீபோர்டு வாங்கி அவதிப்படுபவர்கள் நிறைய. டேலியில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பேமென்ட் வவுச்சருக்கு எஃப்5, ரெசிப்ட்டுக்கு எஃப்6, சேல்ஸுக்கு எஃப்8, பர்ச்சேஸுக்கு எஃப்9. 60 சதவீத கீபோர்டில் இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்த வேண்டும், எண்களை மேல் வரிசையில் தேட வேண்டும். அவருக்கு முழு அளவுதான் சரி. எண் வேலை அதிகம் இல்லாதவருக்கு 87 அல்லது 75 சதவீதம் நல்லது. மவுஸ் நெருங்கி வரும், வலது தோள் அகலமாக விரியாது.

தமிழில் டைப் செய்பவர்கள் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. தமிழுக்கு என்று தனி மெக்கானிக்கல் கீபோர்டு தேவையில்லை. எந்தக் கீ எந்த எழுத்தைத் தர வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள்தான் முடிவு செய்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 முறையில் உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் வரும். ஆனால் ந, ய, ச, ஞ ஆகிய எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் மேல் இல்லை. எல் கீக்கு வலப்பக்கம் உள்ள அரைப்புள்ளி, மேற்கோள் கீகளிலும், பீ கீக்கு வலப்பக்கம் உள்ள இரண்டு சதுர அடைப்புக்குறி கீகளிலும் இருக்கின்றன. 60 சதவீத கீபோர்டில்கூட இந்த நான்கும் உண்டு. ஆனால் 40 சதவீதம் என்று வரும் மிகச் சிறிய கீபோர்டுகளில் இவை பெரும்பாலும் இருக்காது. 'ச' அடிக்க முடியாத கீபோர்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உயரத்தையும் பாருங்கள். மெக்கானிக்கல் கீபோர்டுகள் சாதாரணத்தைவிட உயரமானவை. பின்பக்கக் கால்களை மடக்கியே வையுங்கள், அவற்றைத் தூக்கி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். மெக்கானிக்கல் வாங்கினால் கைவலி போய்விடும் என்று சில விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். விரல் மரத்துப்போவது, இரவில் கை வலிப்பது எல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

கீகேப்: கை படும் இடம் இதுதான்

கீயின் மேல் மூடியைத்தான் கீகேப் என்கிறார்கள். ஏபிஎஸ், பிபிடி என்று இரண்டு வகை பிளாஸ்டிக்கில் வரும. ஏபிஎஸ் விலை குறைவு, ஆனால் சில மாதங்களில் ஏ, எஸ், ஈ கீகள் எண்ணெய் தடவியதுபோல பளபளக்கும். அது அழுக்கு இல்லை, தேய்மானம். எவ்வளவு துடைத்தாலும் போகாது. பிபிடி சொரசொரப்பாக இருக்கும், பளபளப்பு வர அதிக காலம் பிடிக்கும். எழுத்து எப்படி அச்சாகியிருக்கிறது என்பது இன்னும் முக்கியம். மேலே அச்சடித்த எழுத்து தேய்ந்து அழியும். 'டபுள் ஷாட்' என்றால் எழுத்து தனிப் பிளாஸ்டிக்காக உள்ளே வார்க்கப்பட்டது, அழியவே அழியாது.

எழுத்து அழிந்தாலும் கீகேப் செட்டை மட்டும் மாற்றலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கீழ் வரிசையில் உள்ள கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் பார் அளவுகள் பொதுவான அளவில் இருக்க வேண்டும். சில கீபோர்டுகளில் அந்த வரிசை மட்டும் வினோதமான அளவுகளில் இருக்கும், வெளியில் செட் கிடைக்காது.

கேமர்களுக்கு என்ன தேவை?

விநாடிக்கு 8,000 முறை தகவல் அனுப்பும் 8,000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட் டைப்பிங்குக்குத் தேவையே இல்லை, 1,000 ஹெர்ட்ஸ் தாராளம். கீ எத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் எழுத்து விழ வேண்டும் என்று மேக்னடிக் சுவிட்ச் கீபோர்டில் நாமே வைத்துக்கொள்ளலாம். விரலைக் கொஞ்சம் தூக்கினாலே கீ விடுபட்டதாக எடுத்துக்கொள்ளும் 'ரேபிட் ட்ரிகர்' வசதியும் அதில் உண்டு. துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுபவர்களுக்கு இது உதவும். ஆனால் இரண்டு எதிர்த்திசைக் கீகளைக் கீபோர்டே பார்த்து மாற்றித் தரும் வசதிக்கு, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் தன் சர்வர்களில் தடை போட்டது. பெரிய விலை கொடுத்து வாங்கும் முன் நீங்கள் ஆடும் கேம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

'மெக்கானிக்கல் ஃபீல்' என்று போட்டிருந்தால் உஷார்!

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் 'மெக்கானிக்கல் ஃபீல்', 'செமி மெக்கானிக்கல்' என்று கலர் லைட்டோடு கிடைப்பவை பெரும்பாலும் மெம்பரேன் கீபோர்டுகள்தான். மோசம் என்று இல்லை, ஆனால் அவை மெக்கானிக்கல் இல்லை. விவரப் பகுதியில் சுவிட்ச் எந்தக் கம்பெனி, என்ன வகை என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். கீபோர்டு கைக்கு வந்ததும் ஒரு கீகேப்பைக் கழற்றிப் பாருங்கள். சதுரமான தனி சுவிட்சும் அதன் நடுவில் கூட்டல் குறி வடிவத் தண்டும் தெரிய வேண்டும். ரப்பர் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் இன்னொரு வேலையும் இருக்கிறது. கீ டெஸ்ட் செய்யும் இலவச இணையதளங்கள் ஏதாவது ஒன்றைத் திறந்து எல்லாக் கீகளையும் பத்துப் பத்து முறை தட்டிப் பாருங்கள். யாரும் தொடாத வலது ஷிஃப்ட், எண்ட், டெலீட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

எப்படி சுத்தம் செய்வது?

வாரம் ஒருமுறை கீபோர்டைக் கவிழ்த்து லேசாகத் தட்டி, காய்ந்த பெயின்ட் பிரஷால் இடுக்குகளைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. முறுக்கும் மிக்சரும் சாப்பிட்டுக்கொண்டே டைப் செய்பவர்கள் வீட்டில் எறும்பு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீகேப்களைக் கழற்றலாம். அதற்கு முன் மறக்காமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டும்போது எந்தக் கீ எங்கே என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும். கழற்ற கம்பி வளையம் வைத்த புல்லர் நல்லது, பிளாஸ்டிக் வளையம் ஓரங்களைக் கீறும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீளக் கீகளுக்கு அடியில் ஸ்டெபிலைசர் என்ற கம்பி இருக்கிறது. ஒரு பக்கமாக இழுக்காமல் இரண்டு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும். கடலோர ஊர்களில் இந்தக் கம்பி துருப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறது, கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய கீகேப்களை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊற வைத்தால் போதும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும். வெயிலில் காய வைக்காதீர்கள், ஏபிஎஸ் மஞ்சளாகும். ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். கீகேப்பின் உட்பக்கத் துளையில் ஈரம் தங்கியிருந்தால் அது நேராக சுவிட்சுக்குள்தான் இறங்கும்.

கீபோர்டின் உடம்பைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி சரியானது. நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பசை கலந்த ஹேண்ட் சானிடைசரும் வேண்டாம்.

கீ கிறீச்சிடுகிறது என்று தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது தகட்டில் படர்ந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மாதத்தில் கீ ஒட்டிக்கொள்ளும். சுவிட்சுக்கென்று தனி கிரீஸ் இருக்கிறது. லீனியர் சுவிட்சைப் பிரித்து மெல்லிய பிரஷால் மிகக் குறைவாகத் தடவ வேண்டும். நூறு சுவிட்சுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இப்போது நிறைய சுவிட்சுகள் தொழிற்சாலையிலேயே தடவித்தான் வருகின்றன. ஸ்பேஸ் பார் கடகடவென்று ஆடினால் ஸ்டெபிலைசர் கம்பி நுனியில் மட்டும் கொஞ்சம் தடவினால் போதும், பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. நீல சுவிட்சில் கிரீஸ் வைத்தால் கிளிக் சத்தமே போய்விடும்.

எழுத்து இரண்டு முறை விழுந்தால் என்ன செய்வது?

உலோகத் தகடு தொடும்போது ஒருமுறை தொட்டு நிற்பதில்லை, சில மில்லிவிநாடிகள் துள்ளும். கீபோர்டுக்குள் இருக்கும் மென்பொருள் அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் காத்திருக்கும். தகட்டில் அழுக்கோ தேய்மானமோ வந்தால் துள்ளல் நீளும், எழுத்து இரண்டாக விழும். வயர்லெஸ் என்றால் முதலில் கேபிள் மாட்டிப் பாருங்கள், பேட்டரி அல்லது சிக்னல் கோளாறாகவும் இருக்கலாம். தமிழ் 99-ல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும் என்பதால், 'மகன்' என்று அடித்து 'மக்கன்' என்று வந்தால் அது மென்பொருள் கோளாறு இல்லை, க கீ இரட்டிக்கிறது என்று அர்த்தம்.

ஹாட் ஸ்வாப் கீபோர்டில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிரச்சினை செய்யும் சுவிட்சையும் யாரும் பயன்படுத்தாத பாஸ் அல்லது ஸ்க்ரோல் லாக் கீயின் சுவிட்சையும் இடம் மாற்றுங்கள். கோளாறு சுவிட்சோடு சேர்ந்து இடம் மாறினால் சுவிட்ச்தான் குற்றவாளி, அதை அங்கேயே விட்டுவிடலாம், செலவே இல்லை. கோளாறு பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டிலோ போர்டிலோ பிரச்சினை. செருகும்போது சுவிட்சின் இரண்டு கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். 'புது சுவிட்ச் வேலை செய்யலை' என்ற புகாரில் பெரும்பாலும் ஒரு கால் மடங்கித்தான் இருக்கும். இடுக்கியால் நிமிர்த்தினால் சரியாகிவிடும்.

க்யூஎம்கே என்ற திறந்த மென்பொருளில் ஓடும் கீபோர்டு என்றால், 5 மில்லிவிநாடி என்று இருக்கும் காத்திருப்பு நேரத்தைக் கூட்டி அமைத்தும் சமாளிக்கலாம்.

டீ கொட்டிவிட்டால்?

முதல் அரை நிமிடம்தான் முக்கியம். கேபிளைப் பிடுங்குங்கள், வயர்லெஸ் என்றால் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். உடனே கவிழ்த்துப் பிடியுங்கள். வேலை செய்கிறதா என்று கீகளைத் தட்டிப் பார்க்க வேண்டாம், தட்டத் தட்ட டீ உள்ளே இறங்கும். கீகேப்களைக் கழற்றித் துணியால் ஒற்றி எடுங்கள்.

வெறும் தண்ணீர் என்றால் காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் காய வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீ, காபி, கூல் டிரிங்க்ஸ் அப்படி இல்லை. தண்ணீர் காய்ந்த பிறகும் சர்க்கரை உள்ளே பசையாக நிற்கும். ஹாட் ஸ்வாப் என்றால் நனைந்த சுவிட்சுகளை மட்டும் பிடுங்கி, போர்டை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, புது சுவிட்ச் போட்டுவிடலாம். சால்டரிங் செய்ததை சர்வீஸ் கடையில் கொடுத்து சுத்தம் செய்வதே நல்லது. ஹேர் டிரையரின் சூட்டுக் காற்றை அடிக்காதீர்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதாலும் பயனில்லை, தவிடும் மாவும்தான் உள்ளே போகும்.

வயர்லெஸ் கீபோர்டில் கூடுதல் கவனம் தேவை. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. நனைந்த பிறகு அடிப்பக்கம் உப்பலாகத் தெரிந்தாலோ, சூடானாலோ, சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். வீட்டுக் குப்பையில் போடாமல், தீப்பிடிக்கும் பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதே கீபோர்டு பல மாடல்களில் கேபிள் மூலம் வேலை செய்யும். ஆனால் கழற்றும் வேலையை சர்வீஸ் ஆளிடமே விடுங்கள்.